பாரோவா லெண்டா, ஃபாகா மிஸ்ட்டா: குழப்பற இங்கிலீஷ் வார்த்தைகள் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அம்மாபேட்டை பக்கம் சாயங்காலத்துல ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித்தர்றேன். பேங்க் எக்ஸாம் எழுதற பசங்க, கொலுசுப் பட்டறை வெச்சிருக்கறவங்க, தறி ஓட்டற குடும்பத்துப் பொண்ணுங்க, ஏற்காட்டுல காட்டேஜ் பாத்துக்கறவங்கன்னு பலபேர் வர்றாங்க, ஆனா கிராமர் முடிஞ்சதுக்கு அப்புறம் எல்லாரும் கேக்கறது கிட்டத்தட்ட ஒரே விஷயம்தான், இந்த ரெண்டு வார்த்தைல எது எங்க வரும்னு. திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை பதிலோட இங்க எழுதி வெக்கறேன்.

டிக்‌ஷனரில ரெண்டு வார்த்தைக்கும் ஒரே தமிழ் அர்த்தம்தான் போட்டிருக்கு, அப்புறம் எதுக்கு ரெண்டு வார்த்தை?

குழப்பம் ஆரம்பிக்கறதே அந்த ஒரே அர்த்தத்துலதான். பனின்னு தமிழ்ல ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும், காலைல புல்லு மேல நிக்கற துளியும் அதான், ஏற்காட்டுல ரோட்ட மறைக்கறதும் அதான், இமயமலைல கொட்டறதும் அதான். இங்கிலீஷ் அதை அஞ்சாறு வார்த்தையா பிரிச்சு வெச்சிருக்கு. இன்னொரு பக்கம் பாத்தா மாமா, சித்தப்பா, பெரியப்பான்னு நாம பிரிச்சு வெச்சிருக்கறத அவங்க அங்கிள்னு ஒரே வார்த்தைல முடிச்சுடறாங்க. ஒவ்வொரு பாஷையும் எங்க கோடு போடுதுங்கறது வேற வேற.

இங்கிலீஷ்ல இந்த மாதிரி ஜோடிங்க ரொம்ப அதிகமா இருக்கறதுக்கு சரித்திரமும் ஒரு காரணம். 1066-ல பிரான்ஸ்ல இருக்கற நார்மண்டிக்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்சாங்க, அதுக்கப்புறம் ரொம்ப காலம் அரண்மனை, கோர்ட்டு எல்லாம் பிரெஞ்சு, வயல்ல வேலை செய்யறவங்க பேச்சு இங்கிலீஷ். மாட்டை வளர்த்தவங்க வார்த்தை கௌ, அதை தட்டுல வெச்சு சாப்பிட்டவங்க வார்த்தை பீஃப். பிக், போர்க் அப்படித்தான், ஷீப், மட்டன் அப்படித்தான். (நம்ம ஊர்ல மட்டன் பிரியாணின்னா பெரும்பாலும் வெள்ளாடு, இங்கிலாந்துல மட்டன்னா செம்மறியாடு, அதையும் தெரிஞ்சு வெச்சுக்கங்க.) ஹெல்ப்புக்குப் பக்கத்துல எய்ட், பை-க்குப் பக்கத்துல பர்ச்சேஸ், பிகின்-க்குப் பக்கத்துல கமென்ஸ், எல்லாம் இந்த வழியா வந்ததுதான். பிரெஞ்சு வழியா வந்தது இன்னிக்கும் ஆபீஸ் வாசனையோட இருக்கும், வீட்டுல யாரும் சாப்பாடு கமென்ஸ் பண்ண மாட்டாங்க.

பாரோ, லெண்ட் ரெண்டும் கடன்தானே? எப்பவும் மாத்திச் சொல்லிடறேன்.

கடன்ங்கற பேரை விட்டுடுங்க, கை எந்தப் பக்கம் போகுதுன்னு மட்டும் பாருங்க. பொருள் என் கைக்கு வந்தா நான் பாரோ பண்றேன், என் கைல இருந்து போனா நான் லெண்ட் பண்றேன். தமிழ்ல கடன் வாங்கறது, கடன் குடுக்கறதுன்னு பின்னாடி ஒரு வார்த்தை போட்டு பிரிக்கறோம், இங்கிலீஷ்ல அந்த வாங்கறதும் குடுக்கறதும் வார்த்தைக்குள்ளயே ஒளிஞ்சிருக்கு, அதனாலதான் தடுமாற்றம். பாரோன்னா பின்னாடி ஃப்ரம் வரும், லெண்ட்னா டு வரும், இதை வார்த்தையோட சேத்தே மனப்பாடம் பண்ணுங்க.

பக்கத்துல இருக்கறவர்கிட்ட பேனா கேக்கணும். "கேன் ஐ பாரோ யுவர் பென்" சரி. "கேன் யூ லெண்ட் மீ யுவர் பென்" அதுவும் சரி. "கேன் யூ பாரோ மீ யுவர் பென்" தப்பு, ஆனா கிளாஸ்ல அதிகமா காதுல விழறது இதுதான். கேன் ஐன்னு ஆரம்பிச்சா பாரோ, கேன் யூன்னு ஆரம்பிச்சா லெண்ட்னு பழகிக்கிட்டா வாய் தானா சரியா வரும். பேங்க் எக்ஸாம் எழுதறவங்களுக்கு இன்னொரு வழி, பேங்க்தான் லெண்டர், லோன் வாங்கற நாம பாரோவர்.

நம்ம பேச்சுல இரவல், கைமாத்து, கடன்னு மூணு இருக்கு, பாத்திரத்தை இரவல் வாங்குவோம், வட்டி இல்லாம ரெண்டு நாளைக்கு வாங்கற காசு கைமாத்து. இங்கிலீஷ்ல மூணுக்குமே பாரோதான். ஆனா திருப்பித் தர்ற பொருளா இருக்கணும், தூக்கிட்டுப் போக முடியணும். ஒருத்தர் வீட்டு பாத்ரூமை பாரோ பண்ண முடியாது, "மே ஐ யூஸ்" தான்.

லீஸ், ரெண்ட், ஹையர்? ஏற்காட்டுல காட்டேஜ் வெச்சிருக்கோம், கெஸ்டுக்கு மெயில் அனுப்பறதுக்குக் கேக்கறேன்.

நல்ல கேள்வி, ஏன்னா இதுல பணம் சம்பந்தப்பட்டிருக்கு. நம்ம ஊர்ல வீடு லீஸுக்குன்னு போர்டு மாட்டினா எல்லாருக்கும் புரியற அர்த்தம் என்ன? மொத்தமா ஒரு தொகை குடுத்துட்டு மாச வாடகை இல்லாம குடியிருக்கறது, காலி பண்ணும்போது பணம் திரும்ப வாங்கிக்கறது, அதாவது போக்கியம். இங்கிலீஷ்ல லீஸ்னா அப்படி எந்த அர்த்தமும் கிடையாது, இவ்வளவு காலத்துக்கு இவ்வளவு வாடகைன்னு எழுதிக்கற ஒப்பந்தம், அவ்வளவுதான். வெளிநாட்டுக்காரருக்கு "காட்டேஜ் ஃபார் லீஸ்"னு எழுதினா அவர் வருஷக்கணக்குல ஒப்பந்தம்னு நினைச்சுக்குவார். ரெண்டு நாள் தங்கறதுக்கு ரெண்ட்னு எழுதுங்க.

கார், சைக்கிளுக்கு அமெரிக்கால ரெண்ட், பிரிட்டன்ல ஹையர்னு அதிகமா சொல்லுவாங்க. ஆளை வேலைக்கு வெக்கறதும் ஹையர். வீட்டை மட்டும் ஹையர் பண்ண மாட்டாங்க, கல்யாண மண்டபத்தை ஹையர் பண்ணலாம்.

பிரிங், டேக் எப்படி பிரிக்கறது?

இது தமிழ்க்காரங்களுக்கு கஷ்டமே இல்லாத ஜோடி. எடுத்துட்டுங்கற அர்த்தத்தை மறந்துட்டு கொண்டு வா, கொண்டு போன்னு நினைங்க. கொண்டு வர்றது பிரிங், கொண்டு போறது டேக். நீங்க வீட்டுல இருந்து எனக்கு போன் பண்ணி நாளைக்கு நோட்டு கொண்டு வரேன்னு சொன்னா பிரிங். டாக்டர்கிட்ட ரிப்போர்ட் கொண்டு போறேன்னு என்கிட்ட சொன்னா டேக். பேசறவன், கேக்கறவன் இந்த ரெண்டு பேர் இருக்கற இடத்தை நோக்கி நகர்ந்தா வர்றது, மூணாவது இடத்துக்குப் போனா போறது.

இந்தக் கணக்கை தொல்காப்பியம் சொல்லதிகாரத்துலயே பிரிச்சு எழுதி வெச்சிருக்காங்க, வருதல், தருதல் ரெண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும், செல்லுதல், கொடுத்தல் ரெண்டும் படர்க்கைக்கும்னு. இதை கிளாஸ்ல சொல்லும்போதெல்லாம் எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருக்கும். அவ்வளவு பழைய நூல்ல இருக்கற சூத்திரம் இன்னிக்கு ஒரு பையனுக்கு கம், கோ, பிரிங், டேக் நாலையும் ஒரே நிமிஷத்துல புரிய வெக்குது. உங்க வீட்டுக்கு நான் கிளம்பும்போது "ஐ ஆம் கம்மிங்"னுதான் சொல்லணும், "கோயிங்" இல்ல, நாம தமிழ்ல வரேன்னு சொல்றோம் பாருங்க அதே மாதிரி.

ஒரு இடத்துல மட்டும் தமிழ் கைகொடுக்காது. கிளம்பும்போது போயிட்டு வரேன்னு சொல்றது நம்ம பழக்கம், அதை "ஐ வில் கோ அண்ட் கம்"னு சொன்னா நம்மூருக்கு வெளில புரியாது. "சீ யூ"ன்னு சொல்லிட்டு கிளம்பிடுங்க. ஃபெட்ச்னா போய் எடுத்துட்டு வர்றது, போறதும் வர்றதும் ரெண்டும் அதுக்குள்ள இருக்கு.

"ஐ ஹாவ் எ டவுட்"னு சொல்லக்கூடாதுன்னு ஒருத்தர் சொன்னாரு. ஸ்கூல்ல எல்லாரும் அப்படித்தானே கேட்டோம்?

இந்தியாவுக்குள்ள தாராளமா சொல்லலாம், எல்லா டீச்சருக்கும் புரியும், இங்க அது புழக்கத்துல இருக்கற வார்த்தை. வெளிநாட்டுக்காரங்ககிட்ட பேசும்போது மட்டும் க்வெஸ்டின்னு மாத்திக்கங்க. சந்தேகம்னு நாம சொல்றதுல புரியல, விளக்குங்கங்கற அர்த்தமும் இருக்கு, நம்பிக்கை இல்லங்கற அர்த்தமும் இருக்கு. இங்கிலீஷ் டவுட்ல ரெண்டாவதுதான் பலமா நிக்குது. செவ்வாய்ப்பேட்டைல இருந்து கொலுசு வாங்கறதுக்காக வெளிநாட்டுல ஒருத்தர் பேமெண்ட் விவரம் அனுப்பறாரு, அதுல ஒரு தேதி நமக்குப் புரியல, "ஐ ஹாவ் எ டவுட் அபௌட் யுவர் பேமெண்ட்"னு பதில் போட்டா, நீ காசு குடுப்பியான்னு எனக்கு நம்பிக்கை இல்லன்னு அவர் படிப்பார். "ஐ ஹாவ் எ க்வெஸ்டின் அபௌட் த டேட்"னு எழுதினா வேலை முடிஞ்சது.

இதை விட ஆபத்தான ஜோடி டவுட்டும் சஸ்பெக்ட்டும். தமிழ்ல ரெண்டுமே சந்தேகப்படறது, ஆனா இங்கிலீஷ்ல நேரெதிர். "ஐ டவுட் ஹீ டுக் இட்"னா அவன் எடுத்திருக்க மாட்டான்னு நினைக்கறேன். "ஐ சஸ்பெக்ட் ஹீ டுக் இட்"னா அவன்தான் எடுத்திருப்பான்னு நினைக்கறேன். பட்டறைல வெள்ளி குறையுதுன்னு ஓனர் இங்கிலீஷ்ல எழுத வேண்டி வந்தா, இந்த ஒரு வார்த்தை மாறினா ஒரு ஆள் மேல பழி விழும், இல்லாட்டி பழியில இருந்து தப்பிச்சுடுவான். என் கிளாஸ்ல எந்த ஜோடியை விட்டாலும் இதை விட மாட்டேன்.

ஏற்காடு "கிளைமேட் சூப்பர்"னு சொல்றது தப்பா?

ஏற்காடு கிளைமேட் நல்லா இருக்கும்னு பொதுவா சொன்னா தப்பே இல்ல. இன்னிக்கு கிளைமேட் சூப்பர்னு சொன்னாதான் தப்பு, இன்னிக்கு இருக்கறது வெதர். காலைல வெயில், மத்தியானம் மழை, அது வெதர். ஒரு ஊர் வருஷா வருஷம் எப்படி இருக்கும்ங்கறது கிளைமேட், உலக வானிலை அமைப்பு அதுக்கு 30 வருஷ சராசரி எடுக்கறதை வழக்கமா வெச்சிருக்கு. சேலத்துல மார்ச்லயே வேர்க்கும், ஒரு மணி நேரம் மேல ஏறினா ஃபேன் வேண்டாம், அது ரெண்டு ஊரோட கிளைமேட். நேத்து மழைன்னு பஸ் லேட், அது வெதர். மழை வருமான்னு பாக்கறது வெதர் ரிப்போர்ட், அதை யாரும் கிளைமேட் ரிப்போர்ட்னு சொல்றதில்ல.

அங்க காலைல வர்றது ஃபாகா, மிஸ்ட்டா? எங்க பசங்க ஸ்னோன்னு ஸ்டேட்டஸ் போடறாங்க.

ஸ்னோ கண்டிப்பா இல்ல, அது வானத்துல இருந்து வெள்ளையா கொட்டி தரைல கிடக்கறது, ஏற்காடு இருக்கற சேர்வராயன் மலைல அதுக்கு வாய்ப்பே கிடையாது. ஊட்டில டிசம்பர், ஜனவரில புல்லு மேல வெள்ளையா படியுதே, அது கூட ஸ்னோ இல்ல, ஃப்ராஸ்ட், தமிழ்ல உறைபனி. புல்லுல தண்ணித் துளியா நின்னா டியூ.

மிச்சம் இருக்கறது ஃபாகும் மிஸ்ட்டும். ரெண்டுமே காத்துல மிதக்கற பொடித் துளிதான், வித்தியாசம் எவ்வளவு தூரம் கண்ணு தெரியுதுங்கறதுல. வானிலைக்காரங்க கணக்குல 1 கிலோமீட்டருக்குள்ளயே எல்லாம் மறைஞ்சுட்டா ஃபாக், அதுக்கு மேலயும் தெரிஞ்சா மிஸ்ட். ஏற்காட்டு ரோட்ல 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு, அதுல அடுத்த வளைவே தெரியாம வண்டிக்காரங்க லைட்டைப் போட்டுக்கிட்டு ஹாரன் அடிச்சுக்கிட்டு மெதுவா ஏறினா சந்தேகமே வேண்டாம், ஃபாக். ஏரிக்கரைல நின்னா எதிர்க்கரை மரம் எல்லாம் லேசா புகை போட்ட மாதிரி ஆனா தெரியுதுன்னா மிஸ்ட்னு சொல்லுங்க. இன்னொண்ணு, சேலத்துல இருந்து நிமிர்ந்து பாத்தா மலை உச்சில மேகம் உக்காந்திருக்கும், அந்த நேரம் மேல நிக்கறவங்களுக்கு அதே மேகம்தான் ஃபாக். நீங்க நிக்கற இடத்தைப் பொறுத்து வார்த்தை மாறுது.

ஏற்காடு ஹில்லா மவுண்டனா?

உயரம் வெச்சு முடிவு பண்ண முடியாத ஜோடி இது. பிரிட்டன்ல 2,000 அடி தாண்டினா மவுண்டன்னு ஒரு வழக்கம் இருக்கு, அங்க இருக்கறதுலயே உயரமான பென் நெவிஸ் 4,413 அடி. நம்ம சேர்வராயன் கோயில் இருக்கற உச்சி 5,300 அடிக்கு மேல, ஆனா பேரு ஷெவராய் ஹில்ஸ். தொட்டபெட்டா அதையும் தாண்டி 2,637 மீட்டர், அதுவும் நீலகிரி ஹில்ஸ்தான். வெள்ளைக்காரங்க ஹில் ஸ்டேஷன்னு பேரு வெச்சுட்டுப் போனாங்க, அதுவே நிலைச்சுடுச்சு. பேரு எப்படி இருக்கோ அப்படியே சொல்லுங்க, பேரு இல்லாத இடத்துல சின்னதா உருண்டையா இருந்தா ஹில், பெருசா செங்குத்தா பாறையா இருந்தா மவுண்டன்.

சீ, லுக், வாட்ச்?

ஏற்காட்டுல லேடீஸ் சீட்ங்கற வியூ பாயிண்ட்ல போய் நிக்கறீங்கன்னு வெச்சுக்கங்க, ராத்திரி ஏழு மணி. தலையைத் திருப்பி கீழ பாக்கறீங்க, அது லுக். சேலம் ஊர் லைட் எல்லாம் தெரியுது, அது சீ. ஒரு லாரி லைட் வளைவு வளைவா மேல ஏறி வர்றதை அது முடியற வரைக்கும் பாத்துக்கிட்டே இருக்கீங்க, அது வாட்ச். பாக்கறது, தெரியறது, பாத்துக்கிட்டே இருக்கறதுன்னு தமிழ்ல மூணாவே பிரிச்சுப் பேசறோம், டிக்‌ஷனரிதான் மூணுக்கும் பார்னு போட்டுடுது.

தெரியுதுங்கறது நாமளா செய்யற வேலை இல்ல, தானா நடக்கறது, அதனால "ஐ ஆம் சீயிங் த லைட்ஸ்"னு சொல்றதில்ல, "ஐ கேன் சீ". ஹியர், லிசன் ஜோடியும் அச்சு அசல் இதே கணக்கு, காதுல விழுந்தா ஹியர், காது குடுத்துக் கேட்டா லிசன், லிசனுக்கு அப்புறம் டு வரும், லுக்குக்கு அப்புறம் அட் வரும். மேட்ச், டிவி எல்லாம் வாட்ச். படத்தை தியேட்டர்ல பாத்தா சீயும் சொல்லலாம். டாக்டரைப் பாக்கப் போறது சீ, டாக்டரை வாட்ச் பண்ணா அவர் போலீஸைக் கூப்பிட்டுடுவாரு.

சே, டெல், ஸ்பீக், டாக் நாலும் எப்ப வரும்?

டெல்னு சொன்ன உடனே யாருகிட்டங்கற ஆளு பக்கத்துலயே வந்தாகணும், "டெல் மீ", "டோல்ட் ஹிம்". சேக்கு ஆளு தேவையில்ல, சொன்ன விஷயம் வந்தா போதும், ஆளையும் சொல்லணும்னா நடுவுல டு போடணும். "ஹீ செட் மீ"ங்கறதும் "ஹீ டோல்ட் தட்"ங்கறதும் ரெண்டுமே தப்பு, பரீட்சைல எர்ரர் ஸ்பாட்டிங்ல அடிக்கடி வர்றது இது. பொய், உண்மை, கதை, ஜோக் எல்லாத்துக்கும் ஆளு இல்லாமலே டெல் வரும், அதை மனப்பாடம்தான் பண்ணணும். ஹலோ, சாரி, தேங்க்ஸ்லாம் சே.

பாஷைக்கு ஸ்பீக், "ஐ ஸ்பீக் தமிழ்". மேடைல பேசறதும் ஸ்பீக். ரெண்டு பேர் உக்காந்து பேசிக்கறது டாக். டாக்குக்கு அபௌட் சேரும், டிஸ்கஸ்க்கு சேராது, "டிஸ்கஸ் அபௌட்" வேண்டாம்.

நிழலுக்கு ஷேடா ஷேடோவா?

ஏற்காட்டு காபி எஸ்டேட் பாத்திருக்கீங்களா? காபிச் செடி மேல நேரா வெயில் படாம இருக்க சில்வர் ஓக் மரம் உசரமா நிக்கும், அதுல மிளகுக்கொடி ஏறியிருக்கும், கீழ குளுகுளுன்னு இருக்கும். அந்தக் குளிர்ச்சியான இடம் ஷேட், அதனாலதான் அந்த மரத்துக்கு ஷேட் ட்ரீன்னு பேரு. மரத்துக்கு வெளில வந்து வெயில்ல நின்னா தரைல உங்க உருவம் கறுப்பா விழுது, அது ஷேடோ. உருவம் இருந்தா ஷேடோ, வெயில் இல்லாத இடம்னா ஷேட். ஷேடோவை எண்ணலாம், ஷேடை எண்ண முடியாது.

எஸ்டேட் பேச்சு வந்ததால தோட்டத்தையும் சொல்லிடறேன். காபிக்கு எஸ்டேட் இல்லாட்டி பிளாண்டேஷன், தேயிலைக்கு எஸ்டேட்டும் சொல்லலாம் கார்டனும் சொல்லலாம், வீட்டுப் பூச்செடிக்கு கார்டன். சேலத்துக்காரங்க மாங்காய்த் தோப்பை "மேங்கோ கார்டன்"னு சொல்றாங்க, பழ மரத்துக்கு ஆர்ச்சர்ட்தான் பொருத்தம். தென்னந்தோப்புக்கு க்ரோவ்.

குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, டேபியோகாவா, கசாவாவா? ஜவ்வரிசி சேகோவா?

ஆத்தூர், ராசிபுரம் பக்கத்துல இருந்து வர்றவங்க இதை விடாம கேப்பாங்க. செடிக்கும் கிழங்குக்கும் இங்கிலீஷ்ல பொதுவா கசாவான்னு பேரு, அதுல இருந்து எடுக்கற மாவுக்கும் உருண்டைக்கும் டேபியோகா. இந்தியால நாம கிழங்கையே டேபியோகான்னு சொல்றோம். சேகோங்கறது நிஜத்துல தென்கிழக்கு ஆசியாப் பக்கம் வளர்ற ஒரு பனை வகை, அதோட தண்டுக்குள்ள இருக்கற மாவுல செஞ்சது. இரண்டாம் உலகப் போர் சமயத்துல அது இங்க வர்றது நின்னு போய், அப்ப சேலத்துல கிழங்கு மாவுலயே செய்ய ஆரம்பிச்சாங்க, பொருள் மாறியும் பேரு மாறல. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல புவிசார் குறியீடே சேலம் சேகோங்கற பேருலதான் குடுத்தாங்க. அதனால நம்ம ஊர்ல சேகோன்னு சொல்றதுல தப்பே இல்ல, வெளிநாட்டுக்காரருக்கு மட்டும் டேபியோகா பேர்ல்ஸ்னு சொன்னா டக்குன்னு புரியும்.

ஃபேர், ஃபீஸ், சார்ஜ், டோல், கூலி, சம்பளம்... இவ்வளவு வார்த்தை எதுக்கு?

எதுக்காக காசு குடுக்கறோம்ங்கறதை வெச்சு பேரு. பஸ், ட்ரெயின்ல உக்காந்து போறதுக்கு ஃபேர், நாம பஸ் சார்ஜ்னு சொல்லியே பழகிட்டோம். டாக்டர், வக்கீல், ஸ்கூலுக்கு ஃபீ. ரோட்டுக்கு டோல். வீட்டுக்கு ரெண்ட். தப்புக்கு ஃபைன். சர்வீஸுக்கு சார்ஜ்.

மாசம் பொறந்தா வர்றது சாலரி. நாள் கணக்குலயோ வாரக் கணக்குலயோ, நெசவு மாதிரி செஞ்ச வேலைக்கு இவ்வளவுன்னோ வர்றது வேஜஸ். சம்பளம், கூலின்னு நாமளே தெளிவா வெச்சிருக்கோம். தறிக்காரங்க வீட்டுப் பசங்க அப்பாவோட வருமானத்தை ஃபார்ம்ல எழுதும்போது சாலரின்னு எழுதிடறாங்க, வேஜஸ்னு எழுதுங்க, அதுல குறைச்சல் ஒண்ணும் இல்ல, அதுதான் சரியான வார்த்தை. ஜாப், வொர்க் பத்தியும் கேப்பாங்க. ஜாப்பை எண்ணலாம், "எ ஜாப்". வொர்க்கை எண்ண முடியாது, "எ வொர்க் ஃபார் மீ"ன்னு வராது.

டூர், ட்ரிப், ஜர்னி, டிராவல்?

டிராவல் பெரும்பாலும் வினை, "ஐ வென்ட் ஃபார் எ டிராவல்"னு வராது. போற வழி ஜர்னி, போய் இருந்துட்டு திரும்பி வர்றது மொத்தமும் ட்ரிப். சேலம் ஏற்காடு ஜர்னி ஒரு மணி நேரம், ஏற்காடு ட்ரிப் ரெண்டு நாள். பல இடம் சுத்தினா டூர்.

ராப், ஸ்டீல்?

பொருளை ஸ்டீல் பண்ணுவாங்க, ஆளையோ கடையையோ ராப் பண்ணுவாங்க. செயின் போச்சுன்னா ஸ்டோலன், கடை போச்சுன்னா ராப்ட்.

ரிமெம்பர், ரிமைண்ட்?

நமக்கே ஞாபகம் வந்தா ரிமெம்பர், இன்னொருத்தர் ஞாபகப்படுத்தினா ரிமைண்ட். "ரிமெம்பர் மீ டுமாரோ"ன்னு சொன்னா நாளைக்கு என்னை நினைச்சுக்கோன்னு ஆயிடும்.

தெசாரஸ் பாத்து நல்ல பெரிய வார்த்தையா மாத்திப் போடலாமா?

தயவு செஞ்சு வேண்டாம். ரோஜெட்ங்கற டாக்டர் 1852-ல தெசாரஸ் போட்டாரு, ஒரு கருத்தைச் சுத்தி இருக்கற வார்த்தைகளை எல்லாம் ஒரே இடத்துல அடுக்கினாரு, தெரிஞ்ச வார்த்தை நாக்கு நுனில நிக்கும்போது தேடிப் பிடிக்கறதுக்கு உதவற புஸ்தகம் அது. பக்கத்து பக்கத்துல இருக்கறதால ஒண்ணுக்கு பதில் ஒண்ணு போடலாம்னு அர்த்தம் இல்ல. நம்ம நிகண்டுலயும் ஒரு பொருளுக்குப் பல பேரு வரிசையா வரும், அதுக்காக கோயில் யானையைப் பாத்து வேழம் வருதுன்னா சொல்றோம்?

ஸ்லிம், தின், ஸ்கின்னி மூணும் ஒல்லிதான், ஆனா ஸ்லிம்னு சொன்னா அந்தப் பொண்ணு சிரிக்கும், ஸ்கின்னின்னு சொன்னா முகம் வாடிடும். ஃபேமஸ்னா நல்ல பேரு, நொட்டோரியஸ்னா கெட்ட பேரு. சீப்ங்கற வார்த்தைல விலையோட தரமும் குறைச்சல்ங்கற வாடை வந்துடுது, அதனால கொலுசு கடை போர்டுல "சீப் ரேட்"னு போடறதுக்கு பதில் அஃபோர்டபிள்னு போடச் சொல்லுவேன். நாள் முழுக்க குனிஞ்சு உக்காந்து சலங்கை பத்த வெச்ச ஒருத்தரோட கைவேலை அது, அதுக்கு சீப்னு பேரு வெக்க எனக்கு மனசு வரல.

இங்க இல்லாத ஜோடி வந்தா நானே எப்படி பிரிச்சுப் பாக்கறது?

அர்த்தத்தைத் தேடாதீங்க, கூட்டாளியைத் தேடுங்க. டீக்கு ஸ்ட்ராங், மழைக்கு ஹெவி, காத்துக்கு மறுபடியும் ஸ்ட்ராங். பவர்ஃபுல் டீன்னு யாரும் குடிக்கறதில்ல, அர்த்தம் ஒண்ணுதான்னாலும். ஏன்னு கேட்டா பதில் கிடையாது, சேந்து வந்து பழகிடுச்சு. தமிழ்லயும் பால் கறக்கறோம், பூ பறிக்கறோம், கீரை கிள்ளறோம், காரணம் கேட்டா சொல்ல முடியுமா.

அதனால கத்துக்கறவங்களுக்குன்னே வர்ற லேர்னர்ஸ் டிக்‌ஷனரி எடுங்க, இங்கிலீஷ்–தமிழ் வேண்டாம், அர்த்தத்தைத் தாண்டி கீழ சாய்வெழுத்துல இருக்கற உதாரண வாக்கியத்தைப் படிங்க. ரெண்டு வார்த்தைக்கும் மூணு மூணு வாக்கியம் நோட்டுல எழுதுங்க. அப்புறம் ஒண்ணோட இடத்துல இன்னொண்ணை மாத்திப் போட்டுப் பாருங்க, எந்த வாக்கியம் உடையுதோ அங்கதான் வித்தியாசம் இருக்கு. சந்தேகமா இருந்தா அந்த ரெண்டு மூணு வார்த்தையை மேற்கோள் குறிக்குள்ள போட்டு கூகுள்ல தேடுங்க, நல்ல பேப்பர்ல எழுதியிருக்காங்களான்னு பாருங்க.

ஒரு ஜோடியை ஒரே நாள்ல சேத்துப் படிக்கறதா, தனித்தனியாவா?

தனித்தனியா. நிறைய கைடுல ரெண்டையும் ஒரே கட்டத்துல பக்கம் பக்கமா போட்டுடறாங்க, ரெண்டும் புதுசா இருக்கறவங்களுக்கு அப்படிப் படிச்சா ரெண்டும் ஒட்டிக்கிட்டு எது எதுன்னே தெரியாம போயிடுது. முதல் வாரம் பாரோ மட்டும். பேனா, குடை, நூறு ரூபா எல்லாத்தையும் பாரோலயே கேளுங்க, வீட்டுலயும் கேளுங்க, லெண்டுங்கற வார்த்தையையே தொடாதீங்க. யோசிக்காம வாய்ல வர ஆரம்பிச்சதுக்கு அப்புறம் லெண்டை எடுங்க. ரெண்டும் ஏற்கனவே தெரிஞ்சு மாத்தி மாத்தி வர்றவங்க மட்டும் பக்கத்து பக்கத்துல வெச்சுப் பாக்கலாம், அவங்களுக்குத்தான் இந்தப் பதில்களை எழுதினேன்.